தைலம்மை செட்டு நிழல் எடுத்த கதை

நெடுங்காட்டுக்குடியில வரதராசு கொல்லையில மருந்தடிச்ச ஒம்பதாம் நாளு, பருத்திச் செடியில இருந்த இலையெல்லாம் சொல்லி வச்ச மாதிரி ஒரே காலையில உதிர்ந்துச்சு, உதிர்ந்த இலை கணுக்காலு பொதையக் கெடந்துச்சு, செடியெல்லாம் குச்சியும் காயுமா நின்னுச்சு, ஆனா அந்த இலைங்களோட நிழல் மட்டும் எங்கயும் போகாம, இலை இருந்தப்ப எங்க கெடந்துச்சோ அங்கயே கெடந்துச்சு.

அத மொதல்ல பாத்தது தைலம்மை. அவ அன்னைக்கு வந்தது இலை எண்ண, நிழல எண்ணச் சொல்லி அவகிட்ட யாரும் சொல்லல. அதனால வெத்தலையக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு, செவப்பு ரிப்பன் கட்டுன பத்துச் செடியையும் ஒரு பார்வை பாத்துட்டு, மருந்து சாரு வர்ற வரைக்கும் வரப்புல குந்தியிருந்தா. மாசி மாசத்து வெயிலு ஊரு மேல எல்லாம் அடிச்சுச்சு, அவ மேல அடிக்கல. குனிஞ்சு பாத்தா சேலை முழுக்க இலை இலையா நிழல். நல்லதாப் போச்சுன்னு இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிக் குந்திக்கிட்டா.

தைலம்மைக்கு நாப்பத்தாறு வயசு. பருத்தி எடுக்குற பதினாலு பொம்பளைங்க செட்டுக்கு அவதான் தலைவி. ஓட்டுப் போட்டெல்லாம் யாரும் வைக்கல, காலையில யாரு தெருவுல நின்னு கெளம்பலாமாடின்னு கொரலு குடுத்தா மத்த பதிமூணு பேரும் தூக்குவாளியோட வெளிய வர்றாங்களோ அவதான் தலைவி. வெடிச்ச காயோட ஓடு காஞ்சா முள்ளு மாதிரி குத்தும், அதுக்குள்ள மூணு வெரல விட்டு, சுளைய மட்டும் ஒரே இழுப்புல உருவி, ஒரு துளி இலைச்சருகு ஒட்டாம மடியில போடணும், அதுக்குன்னு ஒரு கை வேணும், அந்தக் கை பதினாலு பேருக்கும் இருந்துச்சு. ஊருல ஒரு மொறையும் இருந்துச்சு. மொதப் புடி எடுக்கிறப்ப ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, நெல்லு அளக்கிறப்ப சொல்ற மாதிரி லாபம்னுதான் சொல்லுவாங்க. இந்த ஊருல கூடுதலா என்னன்னா, லாபம்னு சொல்லி எடுத்த மொதப் புடி கொல்லைக்காரன் சாக்குக்குப் போவாது, எடுத்தவ மடியிலயே தங்கிரும். எந்தக் கொல்லைக்காரனும் அத இதுவரைக்கும் கேட்டதில்ல, எப்பவோ கேட்ட ஒருத்தன் கொல்லையில மறுவருசம் காய்ப்புழு வந்துச்சுன்னு பேச்சு.

மருந்து சாருங்கிறது லோகேஸ்வரன். திருப்பூர்ப் பக்கத்துக்காரன், இருவத்தாறு வயசு, மருந்துக் கம்பெனி வேலை. வரதராசுவோட அரைக் காணிய பரிசோதனைக்குன்னு கேட்டு வாங்கி, பழைய மோர்ல மண்ணெண்ணைய ஊத்துன வாசத்துல ஒரு கேனும், ஒம்பது கட்டம் போட்ட தாளும் கொண்டுகிட்டு வந்தான். இது செடியக் கொல்ற மருந்து இல்லீங்க, இலைக்கு வயசாயிடுச்சுன்னு இலைய நம்ப வைக்கிற மருந்துங்கன்னு அவன் விளக்குனப்ப, செட்டுலயே வாய் நீளமான கொளஞ்சி, எங்க மாமியாருக்கு ரெண்டு சொட்டு குடுங்க சார், அது நம்பவே மாட்டேங்குதுன்னு சொன்னா. அவன் அதுக்கும் சிரிச்சான். நல்ல பையன். நல்ல பையனா இருந்ததாலதான், டீயக் குடிச்சிக்கிட்டே, இலைய எதுக்கு உதுக்கணும்னு கேட்டதுக்கு உள்ளத உள்ளபடி சொல்லிட்டான். அடுத்த வருசம் பருத்தி எடுக்குற மெசினு வருது, மெசினுக்கு இலை எது பஞ்சு எதுன்னு தெரியாது, அதனால இலைய முன்னாடியே கழிச்சிரணும், கழிச்சிட்டா நீங்க எல்லாரும் ஒரு மாசத்துல எடுக்குறத அது ஒரே காலையில எடுத்துரும்.

பதினாலு பேரும் டீ டம்ளரக் கீழ வைக்காம நின்னாங்க. அதுவரைக்கும் இலைய அவங்க தொந்தரவுன்னுதான் நெனச்சிருந்தாங்க. அதுதான் அவங்க பொழப்புக்கு வேலியா நின்னுச்சுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

இலை எண்ண ஆளு வேணும்னு அவன் கேட்டப்ப தைலம்மை சரின்னு சொன்னதும் அதனாலதான். எப்புடியும் யாரோ ஒருத்தி எண்ணத்தான் போறா, வேலி என்னைக்கு விழுதுன்னாவது நமக்குத் தெரியட்டும்னு செட்டுக்காரங்ககிட்ட சொன்னா. மருந்தடிக்கிறதுக்கு மொத நாளு ரிப்பன் கட்டுன செடி ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டு எண்ணுனா.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

"அக்கா, ஒண்ண உட்டுட்டீங்க."

"உடல சார். அதத்தான் மொதல்லயே சொல்லிட்டன்ல."

அவன் தாளுல ஒண்ணுன்னு திருத்தி எழுதிக்கிட்டே வந்தான், ஆறாவது செடியில திருத்தறத நிறுத்திட்டான், பத்தாவது செடியில அவனே லாபம்னு சொல்லி ஆரம்பிச்சு வச்சான்.

ஒம்பதாம் நாளு வந்தவன் தொப்பியக் கழட்டி மேகம் எதுவும் இருக்கான்னு வானத்தப் பாத்தான், தொப்பிய மறுபடி மாட்டிக்கிட்டு தாள எடுத்தான். செடியில இருந்த இலைக்கு ஒரு கட்டம் இருந்துச்சு, உதிர்ந்த இலைக்கு ஒரு கட்டம், காஞ்சும் உதிராததுக்கு ஒண்ணு, வெடிச்ச காய்க்கு ஒண்ணு, நிழலுக்குன்னு கம்பெனி ஒண்ணும் போட்டுக் குடுக்கல. அதனால நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு இலை உதிர்ந்துச்சுன்னு எழுதிட்டு, வெடிச்ச காய்ங்கிற கட்டத்துக்கு வந்தப்பதான் அவனுக்கு வேர்த்துச்சு. காய் மேல வெயிலு பட்டாத்தான் வெடிக்கும், காய் மேல முழுக்க நிழலு கெடக்கு, ஒவ்வொரு காயும் பல்லக் கடிச்சிக்கிட்டு கல்லு மாதிரி நிக்குது. இன்னும் பன்னெண்டு நாளுல சென்னையிலேர்ந்து பெரிய ஆபீசரு வந்து பாக்குறதா இருந்துச்சு.

ஏன் இப்புடி ஆச்சுன்னு ஊருல ரெண்டு நாளுதான் பேசுனாங்க. மருந்துல தண்ணி கூடிப்போச்சுன்னு வரதராசு சொன்னாரு. லாபம்னு சொல்லி எண்ண ஆரம்பிச்சத எந்த மருந்தாலயும் முழுசா உருவ முடியாது, அதான் நிழலு நின்னுருச்சுன்னு கொளஞ்சி சொன்னா. தைலம்மை எண்ணுனது பத்தே பத்து செடியத்தான, அரைக் காணி முழுக்க எப்புடி நிக்கும்னு ஒருத்தி மடக்குனதுக்கு, ஒரு பானை சோத்துக்கு எத்தனை சோறுடி பதம் பாப்ப நீன்னு கேட்டா. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது, மூணாம் நாளு நிழல எப்புடிப் பயன்படுத்துறதுங்கிற பேச்சு ஆரம்பிச்சுது.

மொதல்ல ஆடுங்க வந்துச்சு. ஆட்டுக்குப் பின்னாடி ஆடு மேய்க்கிறவங்க, அவங்களுக்குப் பின்னாடி சீட்டாடுறவங்க, சீட்டாடுறவங்க இருக்கிற எடத்துக்கு டீக்கடைக்காரரு பெஞ்சத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. ரெண்டு குச்சிச் செடிக்கு நடுவுல முட்டுக்கொம்பு நட்டு ஒரு புள்ளத்தாச்சியோட மூத்த கொழந்தைக்குத் தூளி கட்டுனாங்க. பக்கத்து ஊருலேர்ந்து பொண்ணு பாக்க வந்தவங்க, வூட்டுக்குள்ள புழுக்கமா இருக்குன்னு அங்க வந்து குந்தி, மூஞ்சியில இலை இலையா நிழலோட பொண்ணப் பாத்து, புடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. கிராம நிர்வாக அலுவலரும் வந்தாரு. சாயங்காலமானா நிழலு கொல்லையத் தாண்டி வண்டிப்பாதை மேல விழுது, வண்டிப்பாதை பொறம்போக்கு, அப்ப அந்த நேரத்து நிழலு மட்டும் யாருக்குச் சொந்தம்னு கேட்டாரு. டீக்கடைக்காரரு ஒரு டீய நீட்டுனாரு. அவரும் டீயக் குடிச்சிட்டு, நிழல்லயே கொஞ்ச நேரம் கண்ணசந்துட்டுப் போயிட்டாரு. வரதராசு மட்டும் காய் வெடிக்கலையேன்னு வரப்புல நடையா நடந்தாரு, நடந்து நடந்து அலுத்து, நாலாம் நாளு வூட்டுலேர்ந்து கட்டிலக் கொண்டாந்து போட்டுக்கிட்டாரு.

நிழல எடுக்க முடியும்னு கண்டுபுடிச்சது கொளஞ்சிதான், அதுவும் வேணும்னு இல்ல. அவளுக்கு வெரலு சும்மா இருக்காது, பஞ்சுல ஒட்டுன சருகக் கிள்ளி எறிஞ்சு பழகுன வெரலு. பேச்சுவாக்குல மடியில கெடந்த ஒரு இலை நிழலக் கிள்ளுனா, அது கையோட வந்துருச்சு. வெங்காயச் சருகு மாதிரி இருந்துச்சு, கனம் இல்ல, தொட்டா பானைத்தண்ணி மாதிரி லேசாக் குளிர்ந்துச்சு. பக்கத்துல இருந்த டீக்கடைக்காரரு தானும் கிள்ளிப் பாத்தாரு, அவரு வெரலுல தொடைதான் அம்புட்டுச்சு. பழக்கப்பட்ட கைக்குத்தான் வந்துச்சு. அவரு, சர்க்கரை கூடி வெரலு மரத்துப்போச்சு போலன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. கொளஞ்சி ஒரு செடியில கெடந்த நிழல மட்டும் முழுசா எடுத்துப் பாத்தா. மதியத்துக்குள்ள அந்தச் செடியில ரெண்டு காய் வாயப் பொளந்துச்சு.

தைலம்மை அன்னைக்கே பதினாலு பேரையும் கூட்டுனா. சாமி சத்தியமெல்லாம் வேணாம், சாமிக்கு ஆயிரம் சோலி இருக்கு, அவங்கவங்க தூக்குவாளி மேல கைய வையுங்கன்னு சொன்னா.

"இத எடுக்க முடியும்னு தெரிஞ்சா அந்தத் தம்பி எடுக்கச் சொல்லும். எடுத்தா காய் வெடிக்கும், வெடிச்சா மெசினு வரும். நிழலு கெடந்தா மருந்து தோத்துரும், தோத்தாத்தான் மத்த கொல்லையில நமக்கு வேலை. ஒருத்தியும் தொடக் கூடாது."

பதினாலு பேரும் சத்தியம் பண்ணாங்க. பண்ணிட்டு வூட்டுக்குப் போறப்ப தைலம்மை மடியில ஒரு நிழலு இருந்துச்சு.

அவ புருசன் அய்யாக்கண்ணு மூணு வருசத்துக்கு முன்னாடி பருத்தி லாரிக்கு மேல நின்னு தாட்டு மூட்டை அடுக்கினப்ப கீழ விழுந்து இடுப்பொடிஞ்சு படுத்தவரு. வூடு தகரக் கூரை. பதினோரு மணிக்கு சூடேறி தகரம் பேச ஆரம்பிக்கும், நாலு மணி வரைக்கும் அவரு அண்ணாந்து படுத்து அத கேட்டுக்கிட்டேதான் கெடக்கணும். தைலம்மை அந்த நிழல அவரு நெத்தி மேல வச்சா.

"என்னாது, ஈரத்துணியா?"

"இல்ல. லாபம்."

லாபம்ங்கிறது திருட்டுல சேராதுன்னு அவ மனசுக்கு ஒரு நியாயம் இருந்துச்சு. மறுநாளு நெஞ்சுக்கு ஒண்ணு கொண்டாந்தா. அதுக்கும் அந்த நியாயத்தையே சொல்லிக்கிட்டா, புது நாளுன்னா புது லாபந்தான.

அதுக்கப்புறம் ஊரு வெயிலே கொஞ்சம் கொஞ்சமா எடம் மாறுச்சு. ஒரு வூட்டுல தண்ணிக்கொடத்து மேல நிழலு கெடந்துச்சு, ஒரு வூட்டுல கன்னுக்குட்டி முதுகுல, ஒரு பொம்பள தலையில முக்காடு மாதிரி போட்டுக்கிட்டு ரேசன் கடை வரிசையில நின்னா. பதினோரு வருசமா கூரை இல்லாத பஸ் ஸ்டாப்புல, மனு மேல மனு குடுத்தும் ஒரு ஓலைக்கீத்துகூட வராத பஸ் ஸ்டாப்புல, ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு இலை, ஒரு நாளைக்கு ஆறு இலைன்னு சேந்து சேந்து, கடைசியில எட்டு பேரு நெருக்கி நிக்கிற அளவுக்கு நிழலு வந்துருச்சு. யாரு போட்டதுன்னு யாரும் கேக்கல. அரசாங்கம்தான் போட்டுருக்கும், கூரைய அப்புறமா போடுவாங்கன்னு சொல்லிக்கிட்டாங்க.

பதினெட்டாம் நாளு காலையில கொல்லைக்குப் போன தைலம்மை வரப்புலயே நின்னுட்டா. அரைக் காணியும் வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. அத்தனை காயும் வெடிச்சு வாயெல்லாம் பஞ்சா சிரிக்குது. வடக்கு ஓரத்துல, வரதராசு கட்டிலச் சுத்தி மட்டும் கொஞ்சம் நிழலு மிச்சம் கெடந்துச்சு.

பஸ் ஸ்டாப்புல வச்சு விசாரிச்சா. நான் லாபம் மட்டுந்தான் எடுத்தன்னு ஒவ்வொருத்தியும் சொன்னா. எத்தனை லாபம்டின்னு கேட்டதுக்கு, ஒருத்தி முன்னூறுன்னா, ஒருத்தி நானூறுன்னா, செடிக்கு ஒரு லாபம்னுதான நீயும் எண்ணுன, அரைக் காணியில எத்தனை செடி இருக்குன்னு நீயே எண்ணிப் பாருன்னு கொளஞ்சி சொன்னா. தைலம்மையால திட்ட முடியல. அவ வூட்டுல பதினொண்ணு இருந்துச்சு. மெசினுக்குப் பாதைய அவங்க கையாலயே, தலைக்கொண்ணா, ரொம்ப நியாயமா தொறந்து விட்டுருந்தாங்க.

லோகேஸ்வரனுக்கு அன்னைக்கு சந்தோசம் தாங்கல. தாள எடுத்துக்கிட்டு வந்து, அக்கா உங்களாலதாங்க இது நடந்துச்சு, கேளுங்கன்னு வாசிச்சுக் காட்டுனான். இலை உதிர்வு தொண்ணூத்தெட்டு. காய் வெடிப்பு தொண்ணூத்தொண்ணு. ஓரத்துல பேனாவால சின்னதா ஒரு வரி, மருந்தடிச்ச பின் தங்குற நிழல் பதினெட்டு நாளுல தானாகக் கலைஞ்சிரும்.

"தானாவா?"

"ஆமாங்க்கா, தானாத்தான கலைஞ்சுது."

மெசினு வர்றதக் கூட தைலம்மை மனசு ஒரு மாதிரி ஏத்துக்கிட்டுருந்துச்சு. இந்தத் தானாங்கிற சொல்ல மட்டும் அவளால ஒத்துக்க முடியல. இந்தத் தாளு இப்புடியே போச்சுன்னா, அடுத்த வருசம் நாப்பது காணிக்கு மருந்தடிப்பான், நாப்பது காணியும் இருட்டா கெடக்கும், காய் வெடிக்காது, அப்ப இந்தப் பதினாலு கையையும் கூப்புடணும்னு ஒருத்தனுக்கும் தெரியாது. தெரியணும்னா இப்ப காட்டணும். காட்டணும்னா நிழலு வேணும். நிழலு பூரா வூட்டுல இருக்கு.

இருவத்தொண்ணாம் நாளு விடிகாலையில வூடு வூடா போனா. கொடத்து மேல கெடந்தது வந்துச்சு, கன்னுக்குட்டி முதுகுல கெடந்தது வந்துச்சு, பஸ் ஸ்டாப்புல உருவுறப்ப ஆறே முக்கா பஸ்ஸுக்கு நின்னவரு, போட்டு ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள புடுங்குறாங்க பாரு, இதான் நம்ம கவர்மெண்டுன்னு சொன்னாரு. கடைசியா தன்னோட வூட்டுக்கு வந்து நின்னா. அய்யாக்கண்ணு பாத்தவுடனே நெத்தியக் காட்டுனாரு.

"எடுத்துக்க. நான் தகரத்தோட குடும்பம் நடத்துனவந்தான."

பதினாலு பேரும் அரைக் காணி முழுக்க நிழல விரிச்சாங்க. வெடிச்ச காய் மூடிக்கல, ஆனா கொல்லை பழையபடி இருண்டு போச்சு. பத்து மணிக்கு ஜீப்பு வந்துச்சு. பெரிய ஆபீசரு ஒரு பொம்பள, மிருணாளினி மேடம், ஒசரமான ஆளு, கொறச்சலாப் பேசுறவங்க. கையில இருந்த தாளப் பாத்தாங்க, நிழலப் பாத்தாங்க, லோகேஸ்வரனப் பாத்தாங்க. அவன் மூஞ்சி வெளுத்துருச்சு. தைலம்மை முன்னாடி வந்தா.

"மேடம், அந்தத் தம்பி மேல தப்பு இல்ல. தானா கலைஞ்சுதுன்னு எழுதியிருக்கு, தானா கலையல. நாங்க எடுத்தோம். எடுத்தத காலையில திரும்பப் போட்டோம். இப்ப மறுபடியும் எடுக்குறோம், உங்க கண்ணால பாத்துக்குங்க."

மேடம் மொதல்ல தானே குனிஞ்சு எடுத்துப் பாத்தாங்க, வெரலுல மண்ணுதான் ஒட்டுச்சு. லோகேஸ்வரன் எடுத்துப் பாத்தான், ஜீப்பு டிரைவரும் பாத்தாரு, மண்ணுதான். வரதராசு கட்டில நகத்தச் சொல்லி, அதுக்குப் பின்னாடி இருந்த செடியக் காட்டுனா தைலம்மை. நிழலு நகராத அந்த எடத்துல மட்டும் ஒரு காய்கூட வெடிக்கல. மேடம் ஒரு காய அமுக்கிப் பாத்துட்டு தைலம்மை பக்கம் திரும்புனாங்க.

"இந்த மெசினு வந்தா, அது இந்த நிழல எடுக்குமா?"

"நீங்கதான சொல்லணும் மேடம். அதுக்கு இலை எது பஞ்சு எதுன்னே தெரியாதுன்னு சொன்னாங்க."

கொளஞ்சி சிரிப்ப முந்தானையில அமுக்கிக்கிட்டா. அடுத்த வருசம் மெசினு வரத்தான் செய்யும்னு மேடம் சொன்னாங்க, அது நான் நிறுத்துற காரியம் இல்லன்னும் சொன்னாங்க. வரட்டும், அதுக்கு முன்னாடி நிழல எடுத்துக்கிட்டு நாங்க எறங்கி நடக்குறோம்னு தைலம்மை சொன்னா. மேடம் லோகேஸ்வரன் கையிலேர்ந்து பேனாவ வாங்கி, தாளுல கடைசியா, கோடு கொஞ்சம் கோணலா, கையால எடுத்த நிழலுன்னு பத்தாவது கட்டம் ஒண்ணு போட்டாங்க. எடுக்குற நிழலு அத்தனையும் கம்பெனிக்கு வேணும், சோதிக்கணும்னு ஜீப்புலேர்ந்து ஒரு அட்டைப்பெட்டிய எறக்கி வரப்புல வச்சாங்க.

பதினாலு பேரும் வரிசையா எறங்குனாங்க. தைலம்மை மொதச் செடிகிட்ட குனிஞ்சு மூணு வெரலால கிள்ளுனா.

"லாபம்."

மடியில போட்டுக்கிட்டா. ரெண்டு, மூணு, நாலுன்னு அடுத்ததெல்லாம் பெட்டிக்குப் போச்சு. அடுத்த செடி, லாபம், மடிக்கு. பதினாலு கொரலு கொல்லை முழுக்க லாபம் லாபம்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. மேடம் தாள மடிச்சிக்கிட்டே, அந்த மொதல்ல எடுக்குறதெல்லாம் எங்க போகுதுன்னு கேட்டாங்க.

லோகேஸ்வரன் தொப்பியச் சரி பண்ணிக்கிட்டான்.

"அது கட்டத்துல வராதுங்க மேடம்."

பெட்டி நெறஞ்சுதா இல்லையான்னு தூக்கிப் பாத்தவங்களுக்குத் தெரியல, ஆனாலும் கயிறு போட்டுக் கட்டித்தான் ஜீப்புல ஏத்துனாங்க.

தைலம்மை வூட்டுக்கு வர்றப்ப தகரம் பேச ஆரம்பிச்சிருந்துச்சு. அய்யாக்கண்ணு கண்ண மூடிக்கிட்டே, எல்லாத்தையும் குடுத்துட்டியான்னு கேட்டாரு. குடுத்தாச்சுன்னு சொல்லிக்கிட்டே அவ பக்கத்துல குந்துனா. மடிய அவுத்தா. மொத நிழல நெத்தி மேல வச்சு லாபம்னு சொன்னா, அடுத்தத நெஞ்சு மேல வச்சு லாபம்னு சொன்னா, ஒடிஞ்ச இடுப்பு மேல, வத்திப்போன காலு மேல, ஒவ்வொண்ணுக்கும் லாபம், லாபம்னு சொல்லிக்கிட்டே போனா, அவரு அசந்து தூங்குற வரைக்கும் ரெண்டுங்கிற எண்ணிக்கைக்கு அவ வரவே இல்ல.